ஒற்றியூரில் ஒன்றேகால் அடி

கேள்வி: என்னிடம் 35 மி.மீ. பிரைம் லென்ஸ் இருக்கிறது. 40 மி.மீ. ஒன்றும் வாங்கச் சொல்லி மனசு அரிக்கிறது. வாங்கலாமா?
– ஒரு வாசகர், திருவொற்றியூர்

பதில்: கணக்கைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம் கேமராவில் ஒன்பது அடி அகலச் சுவர் முழுசாக விழ, 40-ஐ மாட்டினால் பத்தடி தள்ளி நிற்க வேண்டும், 35-க்கு எட்டேமுக்கால். வித்தியாசம் ஒன்றேகால் அடி. அதை உங்கள் கால் இலவசமாகவே செய்து தரும். ஒடுக்கமான சந்தில் முதுகு சுவரில் முட்டும்போது 35-தான் கைகொடுக்கும். அது உங்களிடமே இருக்கிறது. குப்பத்துக் கடற்கரையிலோ பின்னால் நகர இடத்துக்குப் பஞ்சமில்லை. உப்புக்காற்றில் துடைக்க வேண்டிய கண்ணாடிதான் இரண்டாகும்.

1950-ல் திருவண்ணாமலையில் ரமணரைப் படமெடுத்த கார்ட்டியே பிரெஸ்ஸோன், வாழ்நாளில் பெரும்பாலும் 50-ஐ வைத்தே ஒப்பேற்றினார். கை அரித்தே தீருமென்றால் 85 வாங்குங்கள், முகங்களுக்கு ஆகும்.

ஆரூரில் மனைவி பரவை இருக்க, உங்கள் ஊர்ச் சங்கிலியையும் மணந்தார் சுந்தரர். பிரியமாட்டேன் என்ற மகிழடிச் சத்தியத்தை மீறி ஊர் எல்லை தாண்டியதும் இரு கண்ணும் போயின. காஞ்சியில் ஒன்றுதான் திரும்பியது. வியூஃபைண்டருக்கு அது போதும் என்கிறீர்களா?