எலுமிச்சம்பழத்துக்கே கேட்கவில்லை

கல்கத்தாவில், பெஹாலாவின் பர்ணஸ்ரீ பக்கம் எங்கள் சந்து ஒன்பதடி அகலம். சைக்கிள் ரிக்‌ஷாவும் பசுவும் எதிரெதிரே வந்தால் பசுதான் பெருந்தன்மையாக ஒதுங்கும். அந்தச் சந்துக்குள், 2023 பிப்ரவரியில், ஆறடி அகலத்தில் ஒரு ஹைப்ரிட் எஸ்யூவியை ஓட்டிக்கொண்டு வந்தவன் நான். பக்கக் கண்ணாடி இரண்டையும் காது மடக்குவது போல் மடக்கிக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தேன். பசு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

வாங்கிய நேரத்தையும் சொல்லிவிட வேண்டும். டயமண்ட் ஹார்பர் ரோட்டில் மெட்ரோ வரும், மெட்ரோ வரும் என்று வருஷக்கணக்காகத் தூண்களைப் பார்த்து ஏங்கிய குடும்பம் எங்களுடையது. 2018 செப்டம்பரில் மாஜேர்ஹாட் பாலம் இடிந்து, புதுப் பாலம் வர 2020 டிசம்பர் ஆனது. அதுவரை ஊரைச் சுற்றிச் சுற்றி ஆபீஸ் போனவன் நான். ஒருவழியாக 2022 டிசம்பர் 30 அன்று ஜோகாவிலிருந்து தாராதலா வரை ரயிலைத் தொடங்கிவைத்தார்கள். ஊரே மெட்ரோவில் ஏறியது. நான் இரண்டே மாதத்தில் கார் வாங்கினேன்.

யோசனை வேளச்சேரியில் இருக்கும் மச்சினனுடையது. "மாமா, இனிமே ஹைப்ரிட்தான். ஜப்பான்ல 1997-லயே ரோட்டுக்கு வந்துடுச்சு. டாக்ஸிக்காரன் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டறான். கெடவே கெடாது" என்றான். அவன் ஓட்டுவது ஸ்கூட்டர்.

கெடாது என்பதற்கு அவன் அடுக்கிய காரணங்கள் நியாயமானவை, நானே சரிபார்த்தேன். இந்த வண்டியில் கிளட்ச் கிடையாது, ஆகவே கிளட்ச் தேயாது. தனியாக ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, ஆகவே நடுரோட்டில் அது கழுத்தறுக்காது. கியர்பாக்ஸ் என்ற பெயரில் இருப்பது, நடுவில் சூரியனும் சுற்றிலும் கிரகங்களுமாகச் சில பல்சக்கரங்கள். என்ஜினையும் இரண்டு மின்மோட்டார்களையும் அதுவே பிணைத்து வைத்திருக்கிறது. நவகிரகம் மாதிரி எப்போதும் ஒன்றோடொன்று பிணைந்தே இருப்பதால் மாற்றிப் போட ஒன்றுமில்லை. காலை எடுத்தாலோ பிரேக்கை மெல்ல அழுத்தினாலோ மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடித்து மின்சாரம் எடுத்துக்கொள்கிறது. பிரேக் கட்டைக்கு அரை நாள் விடுப்பு. பெரிய பேட்டரிக்கு எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முன்னால் வருகிறதோ அதுவரை உத்தரவாதம். என் ஓட்டத்துக்கு 1,60,000 கிலோமீட்டர் வர முப்பத்திரண்டு வருஷம் ஆகும். அப்போது எனக்கு வயது எண்பத்தாறு. பேட்டரிக்குக் கொடுத்த உறுதியை எனக்கு யாரும் கொடுக்கவில்லை.

இவ்வளவு நல்ல வண்டியில்தான் என் கௌரவம் போனது. உத்தர்பாடாவில் அம்பாசடர் செய்த ஊர் பக்கம் இது. 2014-ல் அதை நிறுத்தும்வரை, பானெட்டைத் தூக்கி உள்ளே தலையை விட்டு "ம்ம்" என்று சொல்லத் தெரிந்தவனுக்கு ஒரு மரியாதை இருந்தது. எனக்கும் இருந்தது. பழைய வண்டி ஞாயிறுதோறும் ஏதாவது ஒரு உபாதையோடு காத்திருக்கும். நான் கைலியை மடித்துக்கொண்டு இறங்குவேன். வீட்டுக்குள்ளிருந்து காபி வரும். இப்போது அந்தக் காபி நின்றுவிட்டது. வேலை செய்கிறவனுக்குத்தானே காபி?

ஏக்கம் தாங்காமல் ஒருநாள் சௌராஸ்தா பக்கம் மரத்தடியில் கடை போட்டிருக்கும் என் பழைய மிஸ்திரியிடம் கொண்டுபோய், "தாதா, ஏதோ சத்தம் வருது" என்று பொய் சொன்னேன். (தமிழ்நாட்டுக்காரர்கள் பயப்பட வேண்டாம், இங்கே தாதா என்றால் அண்ணன். இந்தியாவுக்கே தெரிந்த தாதா, சௌரவ் கங்குலி, எங்கள் பெஹாலாக்காரர்தான்.) மிஸ்திரி பானெட்டைத் தூக்கினார். உள்ளே ஆரஞ்சு நிறத்தில் கனத்த கேபிள்கள். உயர் மின்னழுத்தம், தொடாதே என்பதற்கு உலகம் முழுக்க அந்த நிறம்தான். அவர் இரண்டு கையையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு மூடினார். "சத்தமே வரலையே, அதுதானே உங்க கஷ்டம்?" என்று வங்காளத்தில் கேட்டார். வைத்தியர் கண்டுபிடித்துவிட்டார்.

சத்தம் வராததன் முழுப் பலன் அந்த வருஷம் ஆயுத பூஜையன்று தெரிந்தது. லேக் மார்க்கெட் பக்கத்திலிருந்து குருக்களை வரவழைத்து, சந்தனம் குங்குமம் இட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று.

"வண்டிய ஸ்டார்ட் பண்ணுங்கோ" என்றார் குருக்கள்.

"பண்ணியாச்சு."

"பண்ணுங்கோன்னேன்."

"பண்ணிட்டேன் சாமி. ரெடின்னு எழுத்து வந்திருக்கு பாருங்க."

எழுத்தை நம்புகிறவர் இல்லை அவர். பானெட்டின்மேல் காதை வைத்தார். உள்ளே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, பேட்டரி சற்று இறங்கியதும் என்ஜின் தானே உறுமி எழுந்தது. வண்டியின் வழக்கம் அது, யாரையும் கேட்காது. குருக்கள் பின்னால் துள்ளியதில் கற்பூரத் தட்டு என் மகள் கையிலும், குங்குமக் கிண்ணம் எதிர்வீட்டுப் பெண்மணியின் வெள்ளைப் புடவையிலும் விழுந்தன. அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்வதற்குள் என்ஜின் அடங்கிவிட்டது. நானும் வண்டியை நகர்த்திவிட்டேன். எலுமிச்சம்பழம் நசுங்கியதை யாரும் பார்க்கவில்லை. "நல்ல சகுனமா, கெட்ட சகுனமா?" என்று மனைவி கேட்டாள். "வண்டி இருந்தாத்தானே சகுனம்" என்று குருக்கள் தட்சிணையை வாங்கிக்கொண்டு மெட்ரோவுக்கு நடந்தார்.

2024 கோடையில் ஊருக்குப் போனோம். கல்கத்தாவிலிருந்து சென்னை 1,660 கிலோமீட்டர் சொச்சம். நெடும்பயணத்துக்கென்றே வாங்கிய வண்டி வாசலில் நிற்க, ஷாலிமாரில் கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறினோம். இருபத்தைந்து நாள் கழித்துத் திரும்பினால் வண்டி செத்துக் கிடந்தது. கதவுகூடத் திறக்கவில்லை. பெரிய பேட்டரிக்கு ஒன்றுமில்லை. அதன் பக்கத்தில் ஒரு ஏழை உறவுக்காரன் மாதிரி சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. கம்ப்யூட்டரை எழுப்புவதும், பெரிய பேட்டரியின் பூட்டைத் திறப்பதும் அதுதான். வண்டி சும்மா நிற்கும்போதும் அது தூங்காமல் என் சாவி வருகிறதா என்று காத்திருந்திருக்கிறது. காத்திருந்தே தீர்ந்துபோயிற்று. இந்த வகை வண்டியில் பலருக்கு முதலில் படுக்கும் உறுப்பு இதுதான். படுக்கவைப்பது ஓட்டாத உரிமையாளர்.

பல லட்ச ரூபாய் ஜப்பானிய நுட்பத்தை எழுப்ப வந்தவர் ஒரு டோட்டோக்காரர். அதாவது பேட்டரி ரிக்‌ஷாக்காரர். தன் வண்டியிலிருந்து ஒரு பேட்டரியைக் கழற்றி, இரண்டு கம்பியால் தொட்டார். என்ஜினைச் சுழற்றும் அளவுக்கு மின்சாரம் வேண்டாம், விளக்கை எரியவைத்தால் போதும், மீதியைப் பெரிய பேட்டரி பார்த்துக்கொள்ளும். விளக்கு எரிந்தது. ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். போகும்போது, "ஓட்டலைன்னா வித்துடுங்க தாதா, பாவம்" என்றார். பாவம் யார் என்று சொல்லவில்லை.

பிறகு வந்தது 2025 செப்டம்பர் 22. அன்று காலைதான் புதிய ஜி.எஸ்.டி. அமலாகி, என் வகை வண்டிக்கு 43 சதவீதமாக இருந்த வரி 40 ஆனது. இரண்டரை வருஷம் பொறுத்திருந்தால் மிச்சமாகியிருக்கும் தொகையை மனைவி காபியோடு சேர்த்துப் பரிமாறினாள். அன்று இரவு மழை பிடித்துக்கொண்டது. விடிவதற்குள் கல்கத்தாவில் 250 மில்லிமீட்டருக்கு மேல். தேங்கிய தண்ணீரில் மின்சாரம் பாய்ந்து ஊரில் உயிர்கள் போயின. அதைப் பற்றி இந்தக் கட்டுரையில் பேச எனக்குத் தகுதியில்லை. என் அசட்டுத்தனத்தை மட்டும் சொல்கிறேன்.

பின்னிரவில் மச்சினன் போன். "மாமா, நாங்க மழைன்னா வண்டியப் பாலத்துமேல ஏத்திடுவோம்." எங்கள் சந்தில் ஏது பாலம்? குடையோடு இறங்கினேன். தண்ணீர் பாதிச் சக்கரம். என்ஜினுக்குள் தண்ணீர் போனால்தானே கெடும், நாம் மின்சாரத்திலேயே மெல்ல நீந்திவிடலாம் என்பது என் விஞ்ஞானம். இருபதடி நீந்தியது. பிறகு என்ஜின், குருக்களை எழுப்பிய அதே உற்சாகத்தோடு, தானே எழுந்தது. பதறி அணைத்தேன். வெள்ளத்தில் நின்றுகொண்டு "அம்மா தாயே" என்று நான் போட்ட கூச்சலுக்கு வந்தவர்கள் பாடாவின், அதாவது எங்கள் பேட்டையின், கிளப் பையன்கள். நான்கு பேர் தள்ளிக்கொண்டுபோய்ப் பூஜைப் பந்தல் மேட்டில் ஏற்றினார்கள். "மைலேஜ் எவ்வளவு காகு?" (காகு என்றால் சித்தப்பா) என்று தள்ளிக்கொண்டே ஒருவன் கேட்டான்.

தண்ணீர் வடிந்து பரிசோதித்ததில் வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லை. என்ஜின் பாதுகாப்புக்கென்று தனியாகக் கட்டிய இன்ஷூரன்ஸ் வீண். பூஜைக்கு வசூலிக்கும் சாந்தா மட்டும் ஐந்நூறிலிருந்து இரண்டாயிரமானது. "எஸ்யூவி வீடு" என்று ரசீதில் எழுதியிருந்தார்கள்.

அந்த ரசீதைப் பார்த்துத்தான் மகள் கணக்குப் போட உட்கார்ந்தாள். சாதாரணப் பெட்ரோல் வண்டியைவிட நான் கூடுதலாகக் கொடுத்தது இரண்டரை லட்சம். அது லிட்டருக்கு 13 கிலோமீட்டர் தரும் என்றால் இது 22. பெட்ரோல் அப்போது 105 ரூபாய். வருஷம் 15,000 கிலோமீட்டர் ஓட்டினால் ஐந்தே வருஷத்தில் போட்ட பணம் திரும்பும். நான் ஓட்டுவது 5,000.

"பதினஞ்சு வருஷம் நாப்பத்தெட்டு நாள்ப்பா" என்றாள்.

ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். சொந்த வண்டிக்குப் பதிவு பதினைந்து வருஷம்தான். 2038 பிப்ரவரியில் முடிகிறது. புதுப்பிக்கலாம். அதற்குக் கட்டணம் உண்டு; அதையும் சேர்த்தால் கணக்கு இன்னும் நீளும்.

மனைவி உள்ளேயிருந்து சொன்னாள்: "நாப்பத்தெட்டு நாள்னா ஒரு மண்டலம். விரதம் இருந்துடுங்க."