நாலு கோடி இலக்கத்த வெச்சு என்னடா செய்ய?

ஃபோனத் தூக்கிக்கிட்டு இந்த ஓட்டம் ஓடி வாறியே மனே, கரையில திமிங்கிலம் ஒதுங்கிட்டோ எண்டு பயந்திட்டன். இப்ப வரைக்கும் தெரிஞ்சதுலேயே பெரிய முதன்மை எண்ணாமே? 2024 ஒக்டோபர்ல லூக் டூரன்ட் எண்ட அமெரிக்கப் பொடியன் கண்டுபுடிச்சதாம். 13,62,79,841 ரெண்டுகளப் பெருக்கி, அதுல ஒண்டக் கழிக்கணுமாம். 4 கோடியே 10 லட்சத்துச் சொச்சம் இலக்கம். செக்கனுக்கு ஒரு இலக்கமா வாசி பாப்பம். சோறு தண்ணி, நித்திர இல்லாம 474 நாள் குந்தினாலும் முடியாது.

சரி, வாசிச்சிட்டாய் எண்டே வெய்யி. அத ரெண்டு பேருக்குப் பங்கு வைக்க ஏலுமா? ஏலா. மூணு பேருக்கு? ஏலா. ஒண்டாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் பிரியாது. ஊர்ப்பட்ட சொத்து வெச்சும் ஒருத்தனுக்கும் கிள்ளிக் கொடாத கஞ்சன் மாதிரி. இதுக்கோ கைதட்டு?

முதன்மை எண்ணாலதான் பேங்க் கணக்கையே பூட்டுறாங்க எண்டு செல்லுவாய். மெய்தான். ஆனா இந்த நீளத்து எண்ண அதுக்கும் எடுக்கிறல்ல. அதுசரி, ஒன்ட கணக்குல பூட்டி வைக்க என்ன கிடக்கு?

இலக்கத்த எண்ணி என்னடா ஆகப்போகுது? நம்மட புல்மோட்டைக் கறுப்பு மணல் டொன் கணக்குலதான் கப்பலேறுது. எத்தின மணியெண்டு ஆரும் எண்ணினாங்களா?

கரைவலைப் பக்கம் வந்து பாரு. 23 பாரை பட்டா பங்கு வைக்கிற இடத்துல சண்டை. 24 பட்டா? 2, 3, 4, 6, 8, 12 பேருக்கு மீன வெட்டாமப் பிரிக்கலாம். ஒரே ஒரு மீன்தான் வித்தியாசம்.

இந்த வித்தையக் கும்பகோணத்து ராமானுஜன் புடிச்சவர். 1915ல, கேம்பிரிட்ஜ்ல இருந்துகொண்டு, தனக்கு முன்னால உள்ள எல்லா எண்ணையும் விடக் காரணி கூடின எண்ணுகளாத் தேடிப் பட்டியல் போட்டார். 12, 24, 36, 48, 60 எண்டு போய்க் கடைசியில 6746328388800. வெறும் 13 இலக்கம். காரணி எத்தின தெரியுமா? 10,080! கம்பியூட்டரா இருந்திச்சு அப்ப? கையால போட்ட கணக்குடா.

இடையில ஒண்டு மட்டும் அவருக்குத் தப்பிப் போச்சு: 293318625600. அத 23ஆல பெருக்கிப் பாரு. பட்டியல்ர அந்தக் கடைசி எண்ணுதான் வந்து நிக்கும். வலையில தப்பின மீன் கரையில வந்து தானாத் துள்ளின கதை!

அந்தக் கடைசி எண்ண 1 இலேர்ந்து 28 வரைக்கும் எத்தின பேருக்கெண்டாலும் மிச்சமில்லாமப் பிரிக்கலாம். 29ல மாட்டிரும். அதால 28 பேர் நிக்கிற வலையில 29வது ஆளா நீ கயித்தப் புடிச்சாத்தான் வில்லங்கம். ஆனா மனே, பங்கு வைக்கிற நேரத்துல இல்லாம, வலை இழுக்கிற நேரத்துல நீ எப்ப வந்தாய்?