வில்லங்கத்தில் வராதவர்

வீடு வாங்கும்போது எல்லாரையும் போல நானும் 30 வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். தாய்ப்பத்திரம், பட்டா, வரி ரசீது என்று வக்கீல் கேட்ட தாள் எல்லாம் வந்து சேர்ந்தது. அடமானம் இல்லை, பங்காளித் தகராறு இல்லை, கோர்ட்டில் வழக்கு இல்லை. விற்றவர் மட்டும் இருந்தார். ஆளே வில்லங்கம் என்று எந்தச் சார்பதிவாளர் ஆபீஸிலும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

காலி செய்யும்போது பல்பைக்கூடக் கழற்றிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. கிழிந்த பாயையும் ஒற்றைச் செருப்பையும் நமக்கே தானமாக விட்டுப் போகிறவர்களும் உண்டு. இவர் அந்த ரகமெல்லாம் இல்லை. வீட்டைப் பெருக்கி, சாவியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு கேட்டில் நின்றார்.

"கேஸ் கம்பெனிலேர்ந்து லெட்டர் ஏதாவது வந்துச்சா சார்?"

கேட்டது என்னிடம். பார்த்தது என் தலைக்கு மேலே.

தாம்பரத்தைத் தாண்டி எந்த நகருக்குப் போனாலும் இப்படி ஒருத்தர் அகப்படுவார். பேங்கிலோ ரயில்வேயிலோ முப்பத்தைந்து வருடம் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்திருப்பார். ரிட்டயர் ஆன காசில் மற்றவர்கள் காசிக்குப் போனால், இவர் ராஜமுந்திரி பக்கத்தில் நர்சரிகளாகவே இருக்கும் கடியத்துக்குப் போவார். கங்கா தீர்த்தம் வர வேண்டிய வீட்டுக்கு லாரியில் மரம் வரும். அதுவும் தேங்காய் காய்க்காத, நுங்கு தராத, பெயரைச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்கிற சீமைப் பனைகள். ஒன்றரை கிரவுண்டில் பதினொன்று வைத்திருந்தார். அதனால் தெருவில் எங்கள் வீட்டுக்கு 'பாம் வீடு' என்று பெயர். புதிதாக வந்த கூரியர் பையன் ஒருவன் இந்த அடையாளத்தைப் போனில் கேட்டுவிட்டு, பார்சலைத் தெருமுனையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான்.

பத்திரப்பதிவு அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். பத்திரம் எழுதுபவர் வழக்கம்போல 'நிதி நிட்சேபம் ஜல தரு பாஷாணம்' என்று ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு போனார். 'தரு' வந்ததும் இவர் கையை உயர்த்தினார். "அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துட முடியுமா?" பத்திரக்காரர் கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்துவிட்டு, "அப்புறம் மாவடை மரவடையும் வருது சார், அதையும் எடுக்கணுமா?" என்றார். மனுஷர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டார். விலை படியவில்லை என்று வருத்தப்படுகிறாராக்கும் என்று நினைத்தேன்.

அவர் போனது மகனோடு, ஒன்பதாவது மாடி ஃப்ளாட்டுக்கு. மரங்களையும் கூட்டிக்கொண்டு போக முடியுமா என்று யோசிக்காமல் இல்லை. கிரேன்காரர் சொன்ன தொகைக்கு இன்னொரு கார் பார்க்கிங்கே வாங்கலாம். அதோடு பிஸ்மார்க் என்கிற மடகாஸ்கர் பனைக்கு வேரை அசைத்தாலே ஆகாது. ஜெர்மனியை இரும்புக் கையால் ஆண்ட பிஸ்மார்க்கின் பெயரை அதற்கு வைத்ததில் தப்பே இல்லை. இருபதடி அகலத்துக்கு வெள்ளி நீல நிறத்தில் குடை விரித்துக்கொண்டு, வாசலில் கார் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. தோட்டவேலைக்கு வரும் பெரியவர் அதை 'பிஸ்கட் மரம்' என்பார். அப்போதெல்லாம் இவர் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டுமே!

ஞாயிறு தரிசனத்துக்கு ஒரு முறை இருந்தது. முதலில் பாட்டில் பாம். அதன் அடிமரம் வயிறு தள்ளி நிற்கும். பிள்ளைத்தாய்ச்சி மகளைத் தொடுகிற மாதிரி அதைத் தடவிக் கொடுப்பார். மொரீஷியஸ் பக்கத்தில் ரவுண்டு தீவு என்ற குட்டித் தீவுதான் அதற்குப் பிறந்த வீடு. அங்கே ஆடும் முயலும் மேய்ந்து அந்த இனத்தையே அழிக்கப் பார்த்தன. "மொரீஷியஸ் ரூபாய் நோட்டுல தமிழ் இருக்கு, தெரியுமா சார்? அப்படிப் பாத்தா இது நம்ம மரம்தான்." அடுத்தது ஃபாக்ஸ்டெயில். ஆஸ்திரேலியாக்காரி. 1983இல்தான் தாவரவியல்காரர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள், அந்தப் பெயரும் ஒரு பழங்குடிப் பெரியவருடையது என்பதைத் தோளில் சிலிண்டரோடு நின்ற ஆளுக்கே முழுக்கச் சொல்லி முடித்தவர் இவர். அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் நிற்கும் சிவப்புத் தண்டுப் பனை. சதுப்பு நிலத்து ஜாதி, கால் நனைந்தே இருக்க வேண்டும். கொசு ஒழிப்புக்காரர்கள் டார்ச் அடித்துத் தேடும் முதல் இடமும் அதுதான்.

மூலையில் விசிறி வாழை ஒன்று இருந்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள். அது அவருக்குப் பிடிக்காது. "இங்கிலீஷ்ல பாம்னு பேர் வெச்சுட்டான். அது பாமே இல்ல. நம்ம ஆளுங்க சரியா வாழைன்னு சொல்லியிருக்காங்க பாருங்க." கிருகப்பிரவேசத்துக்கு யாரோ கொடுத்ததாம். "வெட்டறதுன்னா அத வெட்டிக்குங்க" என்று எங்களுக்கு அனுமதியும் கொடுத்தார். மூலையில் நிற்பதை வெட்டி என்ன, சைக்கிளைக்கூட அங்கே நிறுத்த முடியாது.

என் மனைவிக்கு வேறு கவலை. "பதினோரு மரம் இருக்கு, ஒரு இணுக்குக் கருவேப்பிலைக்குக் கடைக்கு ஓட வேண்டியிருக்கு" என்பாள். காரோ தெருவில். மழை வந்தால் காருக்குச் சளி பிடிப்பது போல எனக்கு ஒரு பதைப்பு. பிஸ்மார்க்கை எடுத்துவிடலாம் என்று இருவரும் ரகசியமாகத்தான் பேசினோம். எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. அடுத்த ஞாயிறு வந்தவர் காபிகூடக் குடிக்கவில்லை. "வர்தா புயல்ல தெருவுல நின்னதெல்லாம் சாஞ்சுது சார். இது அசையல" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மரத்தை வெட்டினால் புயலைவிடக் கேவலமானவன் ஆகிவிடுவேன் என்பது எனக்குப் புரிய அரை நாள் ஆனது.

ஆடி மாதத்தில் ஒரு காலை, ஃபாக்ஸ்டெயிலின் புது மட்டை கத்தரித்த காகிதம் போல முக்கோண வெட்டோடு விரிந்தது. குருத்தடியில் மென்று துப்பிய சக்கை. தென்னை வைத்திருக்கிற எவனும் பார்த்தவுடன் சொல்வான், காண்டாமிருக வண்டு. பனை ஜாதிக்கு உயிர் ஒரே குருத்தில். அது போனால் மரமே போச்சு. எனக்கு அது தெரிந்திருந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். ஞாயிறுதோறும் காதில் விழுந்ததுதான். காலை ஆறு மணிக்கு நானே அவருக்குப் போன் போட்டேன்.

நாற்பது நிமிடத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் கொக்கி போட்ட நீளக் கம்பி, மணலில் கலந்த வேப்பம்புண்ணாக்கு ஒரு பை, அந்துருண்டை ஒரு பாக்கெட். ஒன்பதாவது மாடியில், ஒரு புல்கூட இல்லாத ஃப்ளாட்டில் இந்த மனுஷர் வண்டுக் கம்பியை எதற்குத் தயாராக வைத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. ஏணியில் ஏறி, ஓட்டைக்குள் கம்பியை விட்டு, பல் பிடுங்குகிற டாக்டர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு திருகினார். கட்டைவிரல் பருமனில், கொம்பு வைத்த கறுப்பு வண்டு ஒன்று கம்பி நுனியில் காலை உதைத்துக்கொண்டு வெளியே வந்தது. மட்டை இடுக்கில் அந்துருண்டையை வைத்து மணலைப் போட்டு மூடிவிட்டு இறங்கினார். என் மனைவி அவருக்கு இரண்டாவது டம்ளர் காபியும் கொடுத்தாள். அதற்குமுன் அவருக்கு அது கிடைத்ததே இல்லை.

தைரியம் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். "உலகத்துப் பனையெல்லாம் வெச்சீங்க, நம்ம பனை ஒண்ணு வெக்கலியே?"

அவருக்குச் சொந்த ஊர் உடன்குடிப் பக்கம். அப்பா பனையேறி. சிரித்தார். பதில் சொல்லவில்லை.

பதில் ஐப்பசி மழையில் முளைத்தது. பிஸ்மார்க்குக்கு இந்தப் பக்கம், எப்படியாவது காரை உள்ளே நுழைத்துவிடலாம் என்று நான் டேப் பிடித்து அளந்து வைத்திருந்த அந்த எட்டடி இடத்தின் நட்டநடுவே, தரையைக் கீறிக்கொண்டு ஓர் ஓலை. வீட்டைக் காலி செய்கிற வாரத்தில் பனங்கொட்டை புதைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வந்ததும் அந்த இடத்தைக் காட்டினேன். குனிந்து பார்த்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"பனை நம்ம மாநில மரம் சார். வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு 2021 வேளாண் பட்ஜெட்லயே சொல்லிட்டாங்க."

கார் இன்னும் தெருவில்தான் நிற்கிறது.