பெருங்காய டப்பாவைக் கேட்டால் சொல்லும்

அனுப்புநர்: மூக்கடைத்த குடும்பம் ஒன்று, துவாரகா, புது தில்லி

பெறுநர்: மாத்திரை அட்டையில் எதை அச்சிடலாம், எதை விழுங்கிவிடலாம் என்று முடிவு செய்யும் மேலிடம்

பொருள்: சளி மாத்திரையில் உள்ள மாவு குறித்து

ஐயா / அம்மையீர்,

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்குச் சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை இவற்றிலுள்ள குளூட்டன் கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுகுடல் புண்ணாகிவிடும். இந்த நோய் வட இந்தியாவில் பெரியவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல், தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர் என்று 2016-இல் வெளியான ஆய்வொன்று சொல்கிறது. “ரொட்டி தின்கிற ஊருக்குப் போனால் அப்படித்தான்” என்பது மயிலாப்பூர் மாமாவின் ஆய்வு.

மார்கழி பிறந்ததும் அவளுக்குச் சளி. எதிர் ஃபிளாட் பஞ்சாபி ஆண்ட்டி கடலைமாவை நெய்யில் வறுத்து, பாலும் மஞ்சளும் சேர்த்து ‘பேசன் ஷீரா’ செய்து கொண்டுவந்தார். கடலைமாவில் குளூட்டன் கிடையாது. ஆனால் அதை அரைத்த சக்கியில் சற்று முன் அரைபட்டது கோதுமை. அத்தை போனில் மிளகு ரசம் என்றார். ரசத்துக்குப் பெருங்காயம் வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பிசினோடு கோதுமை மாவையும் சேர்ப்பார்கள். நோயாளிக்கென்றே பிறந்த பிரெட், மால்ட் பானம் பற்றிப் பேச்சே இல்லை. மிஞ்சியவை சுக்கு, மிளகு, திப்பிலி. அவற்றுக்கு லேபிள் வேண்டாம், முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

இரவில் காய்ச்சலும் சேர்ந்துகொள்ள, மாத்திரை வாங்கினேன். அட்டையைத் திருப்பினால் பாராசிட்டமால் இத்தனை மில்லிகிராம் என்றிருந்தது. சாயத்துக்குக்கூடப் பெயர் இருந்தது. பிறகு, ‘துணைப்பொருட்கள்: தேவையான அளவு’. யாருக்குத் தேவையான அளவு? “இதில் கோதுமை உண்டா பையா?” என்று மருந்துக்கடையில் கேட்டேன். “கானே கே பாத், அங்கிள்” என்றார். சாப்பிட்ட பிறகு கோதுமை ஆகலாம் போலிருக்கிறது.

மாத்திரை உதிராமலிருக்க ஏதாவது மாவு வேண்டும், ஒப்புக்கொள்கிறோம். பெரும்பாலும் அது மக்காச்சோள மாவு; கோதுமை அபூர்வம். கோதுமையே ஆனாலும் ஒரு மாத்திரையில் அரை மில்லிகிராம் குளூட்டன்கூடத் தேறாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2017-இல் கணக்குச் சொன்னது. ஆக, பயம் சின்னதுதான். மறைக்க ஒன்றுமே இல்லாததை இவ்வளவு பத்திரமாக மறைப்பதுதான் புரியவில்லை. ராணுவ ரகசியமென்றால் சொல்லிவிடுங்கள், தேசத்துக்காகத் தும்மிக்கொண்டே இருக்கிறோம்.

உங்கள் பங்காளிகளான உணவுத் துறையினரைப் பாருங்கள். ‘குளூட்டன் இல்லை’ என்று பொட்டலத்தில் போட்டால் அது கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கோதுமை இருந்தால் பெருங்காய டப்பாவே வாய்திறந்து சொல்கிறது.

அட்டையில் இடமில்லை என்பீர்கள். கம்பெனி பெயரைச் சற்றுச் சுருக்கினால் ‘கோதுமை இல்லை’ என்ற இரண்டு சொல்லுக்கு இடம் கிடைக்கும். அதுவும் முடியாதென்றால், மிளகு ரசத்தை மருந்தென்று அறிவித்துவிடுங்கள். பெருங்காயமும் வாயை மூடிக்கொள்ளும். எல்லோருக்கும் ஒரே நீதி.

பதிலுக்கு அவசரமில்லை. இந்தச் சளி தானே போய்விடும். அடுத்த மார்கழிக்குள் வந்தால் போதும்.

இப்படிக்கு,
கோதுமைக்கு விரோதியல்லாத ஒரு தகப்பன்

இணைப்பு: காலி மாத்திரை அட்டை 1, பூதக்கண்ணாடி 1 (அரசாங்கச் சொத்தல்ல, திருப்பி அனுப்பவும்)