தறிக்குழி வித்யாலயம்

செய்துகொண்டே கற்பது, குழந்தையை நடுவில் வைப்பது என்றெல்லாம் சொல்லிச் சென்னைப் பள்ளிகள் லட்சங்களில் கட்டணம் வாங்குகின்றன. காஞ்சிபுரம் அந்தக் கல்வியைத் தலைமுறை தலைமுறையாகத் தந்த ஊர். கட்டணம் கிடையாது, பெற்றோர் கையில் முன்பணம் வேறு கொடுப்பார்கள்.

கரைக்கு ஒரு நிறம், உடலுக்கு ஒரு நிறம் என்று கோர்வைச் சேலை நெய்ய மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவரின் இரண்டு கை போதாது. மறுகரை நாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார்த்தினார்கள். சின்ன விரலுக்குத்தான் பட்டிழை பிடிபடுமாம். இதற்கும் ஒரு தத்துவம். பாடநூல் இல்லை, பரீட்சை இல்லை, கோடை விடுமுறையும் இல்லை. அப்பன் வாங்கிய பணம் அடைகிறவரை பட்டமளிப்பும் இல்லை. 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத் தொழில் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருந்தது. ஞானமில்லாதவர்கள், அனுபவக் கல்வியைப் போய்க் கொத்தடிமைத்தனம் என்று எழுதிவிட்டார்கள்!

1937இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வி பேசினார். கைத்தொழில் பள்ளிக்குள் வரட்டும், எல்லார் வீட்டுப் பிள்ளையும் நூற்கட்டும் என்றார். அதிலாவது ஒரு நியாயம் இருந்தது. 1953இல் ராஜாஜி அதைத் தலைகீழாக்கிப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து தொழிலுக்கு அனுப்பினார். மூன்று மணி நேரம் பள்ளி, மீதிப் பொழுது அப்பன் தொழில். வக்கீலும் டாக்டரும் குடியிருந்த நகரங்களை விட்டுவிட்டுக் கிராமத்துப் பள்ளிகளில் ஆரம்பித்ததுதான் சாமர்த்தியம். குலக்கல்வி என்று நாடே கொதித்தது. 1954இல் ராஜாஜி போனார், காமராஜர் வந்தார், திட்டம் செத்தது. எதிர்த்து நின்றவர்களில் ஒருவர், 1909இல் காஞ்சிபுரம் நெசவாளர் குடும்பத்தில் பிறந்து எம்.ஏ. படித்த அண்ணா. அவரையும் மூன்று மணி நேரத்தோடு தறிக்கு அனுப்பியிருந்தால் தமிழ்நாட்டுக்கு ஒரு முதலமைச்சர் குறைந்திருப்பார், முதலாளிக்கு ஒரு கை கூடியிருக்கும்.

1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. குடும்பத்தாரை வைத்து நடத்தும் தொழிற்கூடத்துக்கு மட்டும் தடை பொருந்தாதாம். அதிகாரி வந்தால் “எல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைங்கதான் சார்” என்றால் போதும், காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையமே ஒரே குடும்பம். 2016இல் திருத்தினார்கள்: அபாயமில்லாத குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் ‘உதவலாம்’. உதவி எத்தனை மணிக்கு முடியும் என்று அந்தச் சட்டத்தில் எழுத மறந்துவிட்டார்கள், பாவம்.

2020இன் தேசியக் கல்விக் கொள்கை இன்னும் இனிமை. ஆறு முதல் எட்டாம் வகுப்புவரை, புத்தகப் பை இல்லாத பத்து நாள். தச்சரிடமும் குயவரிடமும் போய்த் தொழில் பழகலாம். பத்தே நாள்தான். பதினோராம் நாள் அந்தப் பிள்ளைக்குப் பையும் பள்ளி வேனும் காத்திருக்கும். பையில்லா நாட்களில் பல வருஷ அனுபவம் உள்ளவர்கள் காஞ்சிபுரத்தில் இருக்கிறார்கள். கொள்கை எழுதிய குழுவுக்கு அவர்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை.