எடை எங்கே ஒளிந்திருக்கிறது?

வேகமாக வளரும் மரம் லேசாகத்தானே இருக்கும்? எங்கள் ஊரில் மிளகுக்கொடி ஏறி நிற்கும் சில்வர் ஓக்கை நம்பிப் பலகை அறுக்கலாமா?
– வாசகர், சோளக்காடு, கொல்லிமலை

மிதக்கும் கட்டையும் மூழ்கும் கட்டையும் ஒரே சரக்கால் ஆனவை என்றால் நம்புவீர்களா? எந்த மரமானாலும் செல்சுவரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 1.5 கிராம்தான். பால்சாவும் கருங்காலியும் வேறுபடுவது சுவர்களுக்கு நடுவே எவ்வளவு வெற்றிடம் என்பதில். வெட்டுமுகத்தில் ஊசித்துளைகளாகத் தெரியும் நீர்க்குழாய்கள்தான் காரணம் என்று சொல்வார்கள். ஆனால், பெரும்பாலான அகன்ற இலை மரங்களில் அதிக இடம் பிடிப்பவை கண்ணுக்குத் தெரியாத நார்செல்கள். அவற்றின் சுவர் தடித்தால் கட்டை கனக்கும், மெலிந்தால் லேசாகும்.

வேகம் மட்டுமே குற்றவாளி அல்ல. தேக்கு ஒவ்வொரு வளையத்தையும் பெரிய குழாய்களோடு தொடங்கி, பிறகு நார்களை அடுக்குகிறது. நன்றாக வளர்ந்த ஆண்டில் அகலப்படுவது பெரும்பாலும் அந்த நார்ப் பகுதிதான். அப்படியானால் தோட்டத்து மரம் ஏன் இளைத்துப்போகிறது? சீக்கிரம் வெட்டிவிடுகிறோம்! நடுத்தண்டை ஒட்டிய இளங்கட்டையில் சுவர்கள் பொதுவாக மெலிந்திருக்கும். சின்ன வயதில் வெட்டினால் பலகையில் பெரும்பங்கு அதுதான். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் முதிர்ந்து உலர்ந்தால் கன சென்டிமீட்டருக்கு 0.6 கிராமை ஒட்டி நிற்கும், மேசை நாற்காலிக்குத் தாராளமாகப் போதும். வியாபாரி சுற்றளவைச் சொன்னால், நட்ட வருஷத்தையும் கேளுங்கள்.