நியூட்ரல் செல்லாத மலை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ஓமானின் நிஸ்வாவிலிருந்து எழுதுவது. ஜலகண்டாபுரத்தில் எல்லோரும் நம் சங்ககிரி டிரைவர் அண்ணனைத்தான் விசாரிக்கிறார்களாம். ஆள் சௌக்கியம். அவருடைய பெருமைக்குத்தான் கொஞ்சம் உடம்பு சரியில்லை.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் லோடு வண்டியில் ஏறி இறங்கியவர். ஜபல் அல் அக்தர் அடிவாரத்தில், பிர்கத் அல் மவ்ஸ் போலீஸ் சாவடியிலும் அதைச் சொல்லிப் பார்த்தார், தமிழிலேயே. மேலே போவது நல்ல தார் ரோடுதான். ஆனாலும் ஃபோர் வீல் டிரைவ் இல்லாத வண்டியை விடமாட்டார்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும் என்பதால், ஓடும் வண்டியை ஏற்றி நிறுத்த ரோட்டோரம் தனி ஏற்றப்பாதைகளே வைத்திருக்கிறார்கள். போலீஸ்காரர் வண்டியைப் பார்த்தார். வந்த வழியைக் காட்டினார்.

அடுத்து, முதலாளியின் லேண்ட் குரூஸரில் வாதி பனி அவ்ஃப் பள்ளத்தாக்கு. அல் ஹம்ராவுக்கு மேலே, சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் ஷரஃபத் அல் ஆலமைன் முகடு; ஏற்காட்டைவிட உயரம். அங்கிருந்து ஹாத் கிராமம் வழியாக ருஸ்தாக் பக்கம் கல்லும் சரளையுமாக இறங்குகிறது பாதை. டீசல் மிச்சம் பிடிக்கும் பழக்கத்தில் அண்ணனின் கை நியூட்ரலுக்குப் போனது. பக்கத்தில் இருந்த பலூச்சி டிரைவர் கையை அப்படியே பிடித்துக்கொண்டார்.

லோ ரேஞ்ச், முதல் கியர், பிரேக்கில் கால் வைக்காதே. எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும் என்றார். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் ரப்பர் விரிந்து கல்லைக் கவ்வும். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப அடிக்க டிக்கியில் கம்ப்ரஸர். கட்டைவிரலை ஸ்டியரிங்குக்கு வெளியே வை என்றும் சொன்னார். அண்ணன் சிரித்தார். முன்சக்கரம் பாறையில் மோதியதும் ஸ்டியரிங் விசைத்தறி நாடா போலப் பாய்ந்தது. சிரிப்பு நின்றது, விரல் வெளியே வந்தது.

ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். நம் மலையிலும் அதுதான் சட்டம். என்ன, நம் ஊரில் ஹாரனுக்கு வயதில் மூத்தவருக்குரிய மரியாதை.

கீழே வறண்ட ஆற்றுப்படுகை; இங்கே வாதி என்பார்கள். நம் சரபங்கா ஆற்றைப் பார்த்து வளர்ந்தவருக்கு அதில் என்ன பயம்? நிழலில் வண்டியை நிறுத்திப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார். பலூச்சி டிரைவர் தூரத்து முகட்டில் மேகத்தைப் பார்த்தார், கிளம்பு என்றார். எங்கோ பெய்த மழை நிமிடங்களில் இங்கே வெள்ளமாக வரும். ஓடும் வாதியில் வண்டியை இறக்குவது ஓமானில் குற்றமும்கூட. அன்று ஒரு சொட்டும் வரவில்லை. கிளம்பிய அவசரத்தில் புளியோதரையில் பாதி அண்ணனின் சட்டைக்குப் போனது.

சித்தியை விசாரித்ததாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்